அண்டர்வாட்டர் லைட் வாங்குறப்போ காசு வீணாகுறது எங்கெல்லாம்னு பாருங்க

கடலுக்குள்ள டைவ் பண்ணி வீடியோ எடுக்க கம்மி பட்ஜெட்ல அண்டர்வாட்டர் லைட் தேடுற முக்கால்வாசி பேர் பாக்குறது லூமென்ஸ் நம்பரை, அதாவது மொத்த வெளிச்சத்தோட அளவை மட்டும்தான். பெட்டில 10,000னு போட்டிருந்தா உடனே ஆர்டர். சின்ன பிராண்டுங்க போடுற அந்த நம்பரை அப்படியே நம்பாதீங்க, அது உண்மையாவே இருந்தாலும் அந்த வெளிச்சம் எவ்ளோ அகலமா விழுது, எவ்ளோ நேரம் நிக்குதுன்னு தெரியாம பிரயோஜனம் இல்ல.

முதல்ல பீம் ஆங்கிள், அதாவது வெளிச்சம் எவ்ளோ அகலமா விரியுதுங்குறது. டைவ் டார்ச்னு விக்கிறது பெரும்பாலும் ஒடுக்கமான பீம், பொந்துக்குள்ள எட்டிப் பாக்க நல்லா இருக்கும், ஆனா வீடியோல நடுவுல வெள்ளையா ஒரு வட்டம், சுத்தி இருட்டு, அவ்ளோதான். வீடியோக்கு அகலமா சமமா பரவுற லைட் வேணும். இன்னொன்னு, முன்பக்கக் கண்ணாடி தட்டையா இருந்தா காத்துல 120 டிகிரி விரியுற பீம் தண்ணிக்குள்ள ஒளிவிலகலால 80 டிகிரிக்குப் பக்கமா சுருங்கிடும், அதனால சொல்ற ஆங்கிள் காத்துலயா தண்ணிலயான்னு கேட்டுட்டு வாங்குங்க.

அடுத்தது தூரம், என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சிவப்பு நிறத்துல பெரும்பகுதியை தண்ணி முதல் 5 மீட்டர்லயே முழுங்கிடும், லைட்டோட வெளிச்சத்துக்கும் அதே கதிதான். ஆமை 3 மீட்டர் தள்ளி இருக்குன்னா வெளிச்சம் போக 3, திரும்பி கேமராக்கு வர 3, மொத்தம் 6 மீட்டர் தண்ணி. எவ்ளோ காசு போட்டு லைட் வாங்குனாலும் அங்க நீலம்தான் கிடைக்கும். அதே லைட்டை வச்சுகிட்டு ஒரு மீட்டருக்குள்ள போங்க, பவளத்தோட ஆரஞ்சு சிவப்பெல்லாம் அப்படியே வெளிய வரும். அதுக்காக பவளத்து மேல முட்டிடாதீங்க, பாய்ன்சி கண்ட்ரோல், அதாவது மேலயும் போகாம கீழயும் போகாம ஒரே மட்டத்துல மிதக்குறது, கைவந்தப்புறம்தான் கேமராவே.

லைட்டை லென்ஸ் பக்கத்துலயே மாட்டுறது இன்னொரு தப்பு. பாண்டிச்சேரி பக்கம் தண்ணி கலங்கி இருக்குற நாள்ல அப்படி எடுத்தா, மார்கழிப் பனில ஹை பீம் போட்டு வண்டி ஓட்டுற மாதிரி முன்னாடி மிதக்குற தூசி மட்டும்தான் தெரியும், இதைத்தான் பேக்ஸ்கேட்டர்னு சொல்றாங்க. கேமராவை மாட்டுற ட்ரே ஒன்னு, அதுல லைட்டைத் தாங்குற ஆர்ம் ரெண்டு வாங்கி லைட்டை ரெண்டு பக்கமும் அகலமா தள்ளி, லென்ஸை விட கொஞ்சம் பின்னால வச்சு லேசா வெளிப்பக்கமா திருப்புங்க. பெரிய லைட் ஒன்னு வாங்குற காசுக்கு மீடியமா ரெண்டு வாங்கி ஆர்ம்ல போடுறது எவ்வளவோ மேல்.

கோப்ரோல சிவப்பு ஃபில்டரும் போட்டு லைட்டும் போடுறாங்க, அது வேணாம். ஃபில்டர் சூரிய வெளிச்சத்துக்கு, லைட்டோட சேர்ந்தா கிட்ட இருக்குறதெல்லாம் செக்கச்செவேல்னு ஆயிடும்.

போட்டோதான் உங்க ஆசைன்னா வீடியோ லைட்டை விட செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள போடுற ஃபிளாஷ்) தேடுங்க, ஓடுற மீனை கண நேர ஃபிளாஷ்ல ஆட்டம் இல்லாம நிறுத்துற வேலையை அந்த விலைல எந்த வீடியோ லைட்டும் செய்யாது. வாங்குறப்போ பேட்டரி அறையைத் திறந்து பச்சையா களிம்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா வேணாம்.

பேட்டரிலயும் ஏமாத்து நிறைய. இந்த லைட்டுகள்ல நிறைய போடுற 18650ங்குற உருளை லித்தியம் செல்லுல 9,900 எம்ஏஎச்னு போட்டிருந்தா பொய், அந்த சைஸ்ல நல்ல செல்லே 3,500 பக்கம்தான் வரும். ஃபுல் பவர்ல எத்தனை நிமிஷம் நிக்கும், சூடானா தானா மங்குமான்னு கேளுங்க. இந்த லைட்டெல்லாம் தண்ணிதான் குளிர வைக்குது, அதனால கரைல டெஸ்ட் பண்றேன்னு ஃபுல்ல எரிய விடாதீங்க.

தண்ணி உள்ள போகாம மூடி இடுக்கை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்ல ஒரு முடி, ஒரு மணல் இருந்தா போதும், லைட் காலி. ஒவ்வொரு தடவையும் துடைச்சு சிலிகான் கிரீஸ் லேசா தடவுங்க. புது லைட்டை முதல் டைவ்ல பேட்டரி போடாம, உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர் மட்டும் வச்சு கொண்டு போங்க, மேல வந்து பாக்கும்போது பேப்பர் காஞ்சிருந்தா தைரியமா பேட்டரி போடலாம். அந்தமானுக்கு ஃபிளைட்ல போறவங்க ஸ்பேர் செல்லை செக்-இன் பெட்டில வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் டப்பால போட்டு கைப்பைல எடுத்துக்குங்க.