மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மெயில் நிரலில் சென்ட் பொத்தானை அழுத்திவிட்டீர்கள், ஆனால் மெயில் அவுட்பாக்ஸை விட்டு நகரவில்லை. அல்லது காலையிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவசரப்பட்டு கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்காதீர்கள். பலரும் முதலில் சொல்லும் யோசனை அதுதான். ஆனால் உங்கள் கணக்கு பாப்3 என்னும், மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில் இருந்தால், பழைய மெயில்கள் சர்வரில் (மெயில் சேவை தருபவரின் கணினியில்) இல்லாமல் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். கணக்கோடு அவையும் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். ஐமேப் முறையில் மெயில்கள் சர்வரிலும் இருக்கும் என்பதால் அவ்வளவு பயமில்லை. எந்த முறை என்பது அக்கவுண்ட் செட்டிங்ஸில் எழுதியிருக்கும். முதலில் அதைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

1. பிரவுசரில் பாருங்கள்

அதே மெயில் கணக்கை பிரவுசரில் திறந்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக நடந்தால் கோளாறு உங்கள் கணினியிலோ மெயில் நிரலிலோதான். அங்கேயும் நடக்கவில்லை என்றால் நிரலைக் குடைந்து பயனில்லை. இடம் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பெரிய இணைப்புள்ள மெயில்களை நீக்கி, ட்ராஷையும் காலி செய்யுங்கள்.

2. ஆஃப்லைனில் இருக்கிறதா?

அவுட்லுக்கில் சென்ட்/ரிசீவ் பக்கத்தில் 'வொர்க் ஆஃப்லைன்' என்று ஒரு பொத்தான் உண்டு. தண்டர்பேர்டில் ஃபைல் மெனுவுக்குள் 'ஆஃப்லைன்' இருக்கும். கை தவறி அழுத்தியிருந்தால் மீண்டும் ஒரு முறை அழுத்தினால் போதும்.

3. எந்தப் பக்கம் அடைப்பு?

மெயில் வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு வேறொரு வாசல். வரும் வழி ஐமேப் அல்லது பாப்3, போகும் வழி எஸ்எம்டிபி. இரண்டுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி செட்டிங்ஸ். அதனால்தான் மெயில் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே அனுப்புவது மட்டும் நின்றுபோகிறது. வருவது மட்டும் நின்றால் இன்கமிங் சர்வரையும், போவது மட்டும் நின்றால் அவுட்கோயிங் சர்வரையும் பாருங்கள். இரண்டுமே நின்றிருந்தால் பாஸ்வேர்ட், இணையம், ஆன்டிவைரஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

4. அவுட்பாக்ஸில் மாட்டிய மெயில்

அவுட்பாக்ஸின் வரிசையில் முன்னால் நிற்கும் ஒரு பெரிய மெயில் பின்னால் இருப்பவற்றையும் தடுத்து நிறுத்திவிடக்கூடும். ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம் என்று நம்பி 22 எம்பி கோப்பை இணைத்திருப்பீர்கள். ஆனால் மெயிலில் ஏற்றும்போது கோப்பு எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அப்போது அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 22 எம்பி, 29 எம்பிக்கு மேல் போய்விடும். பெரும்பாலான இடங்களில் அது ஏற்கப்படாது.

செய்ய வேண்டியது இது: வொர்க் ஆஃப்லைனை அழுத்துங்கள். நிரலை மூடித் திறங்கள். அந்த மெயிலை அவுட்பாக்ஸிலிருந்து டிராஃப்ட்ஸுக்கு இழுத்து விடுங்கள். மீண்டும் ஆன்லைனுக்கு வாருங்கள். மற்ற மெயில்கள் போய்விடும். பெரிய கோப்பை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்புங்கள்.

5. பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது

நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன்பெல்லாம் நிரலில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்தால் போதும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அந்த வழியை கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் மூடியது. பழைய செட்டிங்ஸோடு நிற்கும் நிரல் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் சர்வர் மறுத்துவிடும்.

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய், சர்வர் செட்டிங்ஸில் 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்பதை 'ஓஆத்2' (நிரலில் பாஸ்வேர்டைச் சேமிக்காமல், மெயில் சேவையின் லாகின் பக்கம் வழியாக அனுமதி பெறும் முறை) என்று மாற்றுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும். அதைத் தேர்ந்து 'எடிட்' அழுத்தி, அங்கேயும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள். இந்த இரண்டாவது இடத்தை விட்டுவிட்டால் மெயில் வரும், ஆனால் போகாது. அப்புறம் சேமித்த பாஸ்வேர்டுகளில் அந்தக் கணக்குக்கு உரியதை நீக்கிவிட்டு நிரலை மூடித் திறந்தால், பிரவுசரில் வருவது போன்ற லாகின் ஜன்னல் வரும். வரவில்லை என்றால் தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்த வசதி இல்லாத பழைய நிரல் என்றால், ஜிமெயிலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து கொண்ட 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்கி, வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம்.

6. போர்ட் எண்கள்

சர்வரில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் எண்தான் போர்ட். ஐமேப் என்றால் 993, பாப்3 என்றால் 995. இரண்டுக்கும் பாதுகாப்பு முறை 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. அனுப்ப 465 போட்டால் அதே 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்', 587 போட்டால் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. எண்ணை ஒன்றும் பாதுகாப்பு முறையை இன்னொன்றுமாக வைத்தால் வேலை செய்யாது. 25 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். பல இணைய நிறுவனங்கள் அந்தப் போர்ட்டைத் தடுத்து வைத்திருக்கின்றன.

7. கடிகாரத்தைப் பாருங்கள்

என் அக்காவின் கணினியில் ஒரு மாலை முழுக்கப் போராடினேன். பாஸ்வேர்ட் சரி, போர்ட் சரி, ஆனால் சான்றிதழ் செல்லாது என்ற பிழை மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில்தான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன், தேதி பல வருடம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சர்வரின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் இணைப்பை ஏற்காது. தேதியைத் திருத்தியதும் மெயில்கள் கடகடவென்று வந்து இறங்கின. இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

8. ஆன்டிவைரஸும் விபிஎன்னும்

சில ஆன்டிவைரஸ்கள் மெயில் போகும் வழியில் குறுக்கே நின்று சோதிக்கும். அதில் மெயில் ஸ்கேன் பகுதியை மட்டும் நிறுத்தி, ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். விபிஎன் இருந்தால் அதையும் அப்படியே. சோதித்ததும் மறக்காமல் மறுபடி இயக்கிவிடுங்கள்.

9. சர்வரில் இருக்கிறது, இன்பாக்ஸில் இல்லை

ஜங்க் ஃபோல்டரையும் ஃபில்டர்களையும் பாருங்கள். பாப்3 கணக்கு என்றால், அதே கணக்கை வேறொரு கணினியிலும் வைத்திருக்கிறீர்களா? அங்கே 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' தேர்வு செய்யப்படாமல் இருந்தால், முதலில் எடுக்கும் கணினி மெயிலைக் கொண்டுபோய்விடும், இரண்டாவதுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இத்தனைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் பிழைச் செய்தியை அப்படியே படம் பிடித்து வையுங்கள். அதில் 535 என்று இருந்தால் லாகின் மறுக்கப்பட்டிருக்கிறது, 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். 550 என்றால் பெரும்பாலும் பெறுபவரின் முகவரியில் சிக்கல். 552 என்றால் அளவு கூடிவிட்டது, அல்லது அவருடைய பெட்டியில் இடமில்லை. வேறு எண் வந்தால் அந்தப் படத்தோடு மெயில் சேவை தருபவரிடம் கேளுங்கள். 'மெயில் வரவில்லை' என்று மட்டும் சொல்வதைவிட அந்த மூன்று இலக்கங்கள் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.