நோயிலிருந்து திரும்பும் மனநல மருத்துவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேவிட் செர்வான்-ஷ்ரைபர் பிரான்ஸில் பிறந்த மனநல மருத்துவர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மூளை ஆராய்ச்சியில் இருந்தார். ஒருநாள் சோதனைக்கு வரவேண்டிய மாணவர் வரவில்லை. சரி, நாமே படுத்துக்கொள்வோம் என்று எம்ஆர்ஐ கருவிக்குள் போனார். திரையில் தெரிந்தது அவர் மூளையிலிருந்த புற்றுநோய்க் கட்டி. ஆய்வுக்கூடமே உலகமாக இருந்தவர், அப்புறம் நோயாளிகள் பக்கம் திரும்பினார்.

நோய்ப்படுக்கையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் காது கூர்மையாகும், உண்மைதான். சறுக்குவதும் அங்கேதான்.

"தூக்கமே வரலை டாக்டர்" என்கிறார் எதிரே இருப்பவர். "எனக்கும் கீமோ போட்டப்போ அப்படித்தான்" என்று மருத்துவர் ஆறுதலாகச் சொல்கிறார். அடுத்த நொடி: "அய்யோ, இப்ப உடம்பு எப்படி இருக்கு டாக்டர்?" யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்? வந்தவரின் தூக்கம் கடனால் போனதா, குடியால் போனதா, மனச்சோர்வா என்பது கேட்கப்படாமலே போகிறது.

அதற்காக மூடி மறைப்பதும் சரியில்லை. முடி கொட்டியிருக்கிறது, இரண்டு மாதமாக அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. நோயாளிக்குக் கண் இல்லையா? 'என் மேல்தான் ஏதோ கோபம்' என்று மருகுகிறவர்களும் வந்துபோகிற அறை அது. "உடம்பு சரியில்லை, சிகிச்சை நடக்கிறது, நான் வராத நாளில் இன்னார் பார்ப்பார்" என்றால் போதும். அந்தக் கடைசித் துண்டுதான் பலரும் மறப்பது. லித்தியம், குளோசபின் போன்ற மனநல மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகக் கூடாது; மருத்துவரின் நோய்க்காக அது காத்திருக்காது.

தனக்குக் கைகொடுத்ததை எல்லோர் மருந்துச்சீட்டிலும் எழுதுவது இன்னொரு தவறு. புற்றுநோயை எதிர்க்க உணவு, உடற்பயிற்சி, மன அமைதி என்று செர்வான்-ஷ்ரைபர் 2007இல் எழுதிய புத்தகம் பல மொழிகளில் பரவியது. அதில் பலவும் யாருக்கும் நல்ல பழக்கங்களே. ஆனால் ஒருவர் பிழைத்திருப்பது ஒரு முறைக்குச் சான்றாகாது. 2010இல் கட்டி திரும்பியது, 2011இல் 50 வயதில் இறந்தார். அதை வைத்து அந்த முறை பொய் என்பதும் அதே அவசரம்தான்.

அவருடைய ஆலோசனைகளைவிட, கடைசி நாட்களில் அவர் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: மன அமைதி வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தான் மட்டும் ஓய்வில்லாமல் உழைத்து, ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்ததை.