ஃபோர்க்லிஃப்ட் இழுக்கவில்லையா? டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை என்றதும் கன்வெர்ட்டர் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அதை வெளியே எடுக்க இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்தாக வேண்டும், பெரிய வேலை. அதனால் கழற்றாமல் பார்க்க முடிந்ததையெல்லாம் முதலில் பார்த்துவிடுவோம்.

இன்ஜினின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவதுதான் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே மூன்று சக்கரங்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசியடிக்க, எதிரே இருக்கும் டர்பைன் அந்த விசையில் சுழன்று கியர்பாக்ஸைத் திருப்புகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், ஒரு பக்கம் மட்டுமே சுற்றவிடும் ஒன்-வே கிளட்ச் மேல் உட்கார்ந்துகொண்டு, திரும்பி வரும் ஆயில் இம்பெல்லரை எதிர்த்து அடிக்காமல் அதன் சுழற்சிக்குத் துணையாகப் போகும்படி திருப்பிவிடும். லோடோடு நிற்கும் வண்டி கிளம்பும்போது டார்க் (சுழற்றும் விசை) இரண்டு மடங்குக்கு மேல்கூட கிடைப்பது இதனால்தான்.

சரி, முதலில் கியர்பாக்ஸ் ஆயில். அளவு குறைவா? கருகிய வாடை அடித்தால் சூடு ஏறியிருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் கூலர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மின்னும் உலோகத் துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ உரசுகிறது.

அடுத்து பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, இன்ச்சிங் பெடல் (வண்டியை மெல்ல நகர்த்த கியர்பாக்ஸ் கிளட்சைத் தளர்த்தும் பெடல்) முழுதாக மேலே வருகிறதா என்று பாருங்கள். அது பாதி அமுங்கி நின்றாலே அந்தக் கிளட்சுக்குப் போகும் பிரஷர் குறைந்து வண்டி வழுக்கும். பழி மட்டும் கன்வெர்ட்டர் மேல்!

அப்புறம்தான் ஸ்டால் டெஸ்ட், அதாவது வண்டியை நகரவிடாமல் பிடித்து முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. ஆயில் சூடாகட்டும். ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, டயருக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிரேக் பெடலை அழுத்துங்கள் (இன்ச்சிங் பெடலை அல்ல, அதை மிதித்தால் கிளட்ச் விட்டுவிடும், டெஸ்டே வீண்). கியரில் போட்டு முழு ஆக்சிலேட்டர், 5 நொடிக்கு மேல் வேண்டாம், ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு நியூட்ரலுக்கு வந்து ஆயிலை ஆறவிடுங்கள். ரிவர்ஸிலும் இதே.

மேனுவலில் உள்ளதைவிட ஆர்பிஎம் அதிகமாக வந்தால் ஆயில் பிரஷர் குறைவு அல்லது கிளட்ச் வழுக்கல். ஒரு திசையில் மட்டும் அதிகம் என்றால் அந்தத் திசையின் கிளட்ச் பேக்கில் (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) கோளாறு. குறைவாக வந்தால் இன்ஜின் பலவீனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டேட்டரின் ஒன்-வே கிளட்ச் வழுக்க வேண்டும், அப்போது வண்டி கிளம்பத் திணறும், ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிடும். ஸ்டேட்டர் எந்தப் பக்கமும் சுற்றாமல் இறுகிப்போனால் இந்த டெஸ்டில் மாட்டாது. நன்றாகத்தான் கிளம்பும், ஆனால் வேகம் ஏறாது, ஆயில் கொதிக்கும்.

கன்வெர்ட்டர்தான் என்று உறுதியாகி மாற்றுகிறீர்கள் என்றால், கூலரையும் அதன் பைப்புகளையும் கட்டாயம் கழுவுங்கள். அங்கே தங்கிய துகள் புது கன்வெர்ட்டருக்குள் போய்விடும்.