குளக்கட்டில் அமர்தல்: வன்னியில் பௌத்தப் பயிற்சியைத் தொடங்குவோருக்கு

மூன்று மாரிகளாக, வட இலங்கையின் வன்னியிலுள்ள எங்கள் ஊர்ச் சிறுகுளத்தின் கட்டில் நடந்தும் அமர்ந்தும் பழகியதில், எது கைகூடியது, எங்கே இடறினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். மூச்சைக் கவனிக்கும் முறை பலரால் நன்றாக விளக்கப்பட்டுவிட்டதால் அதனைத் தொடவில்லை.

முதற்படி, இடம்

காடு, மரத்தடி, ஆளற்ற வீடு ஆகியவற்றைப் பயிற்சிக்குரிய இடங்களாகச் சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் தியான உபதேசம் குறிப்பிடுகிறது. வன்னியில் மூன்றுக்கும் குறைவில்லை என்றாலும், தொடங்குபவருக்குக் குளக்கட்டே ஏற்றது என்பது என் கருத்து. இரணைமடு போன்ற பெருங்குளத்தைவிட ஊருக்குள் உள்ள சிறுகுளம் நல்லது. அங்கே உங்களை வேடிக்கை பார்ப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவாவது இருப்பார்கள். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பற்றைக்குள், எவ்வளவு அழகான மருதமரம் தெரிந்தாலும், கால் வைக்கக்கூடாது. யானை வரும் ஊரானால் நன்றாக விடிந்த பின்பே புறப்படுங்கள்.

இரண்டாம் படி, சாமான்கள்

ஒரு பனையோலைத் தடுக்கு போதும். இறப்பர் விரிப்பு வெயிலில் சூடேறி மணக்கும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. நேரம் பார்க்கக் கைபேசியைக் கொண்டுசென்றால் பத்தாவது நிமிடத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும் நேரம் அமர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, நடை

இருபது முப்பது அடி நீளத்தில் மெதுவாகப் போய் வாருங்கள். பாதம் எழுவதும் பதிவதும் தெரிந்தால் போதும்.

நான்காம் படி, சார்பு

நான் பல மாதம் சிக்கிக் கிடந்தது இந்தப் படியில்தான். ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்பது பௌத்தத்தின் நடுநாடி. பேதைமை முதலாகப் பன்னிரண்டு சார்புகளையும் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதையில் விளக்குகிறார் என்பதால், தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஆனால் அதை வாசித்துவிட்டுக் குளக்கட்டில் அமர்ந்தபோது, மழை, ஆறு, நெல், சோறு, நான் என்று மனம் ஒரு பாடசாலைக் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டது. எதிரே குளம் இருந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை.

பிறகு கண்டுபிடித்த வழி இதுதான். கண்ணுக்கு முன்னால் உள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இது எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேளுங்கள். விடையை நினைவிலிருந்து எடுக்காமல் கண்ணும் காதும் தரும்வரை காத்திருங்கள். ஒருநாள் நான் எடுத்தது ஒரு கொக்கை. அது எருமையின் காலடியில் நின்றது, ஏனெனில் எருமை நடக்கையில் புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பின. எருமை அந்தப் பச்சைப் புல்லுக்கு வந்திருந்தது. நீர் வற்றிப் பின்வாங்கிய ஈரக்கரையில் மட்டும் அந்தப் புல் நின்றது. நீர் பின்வாங்கியதற்குக் காரணம், துருசு (மதகு) திறந்து கீழே சிறுபோக (கோடைப் பயிர்) வயலுக்கு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் திறப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர்கள் பேசி முடிவுசெய்திருந்தார்கள். நான் போகாமல் விட்ட கூட்டம் அது.

ஐந்தாம் படி, கூட்டம்

நான் சார்ந்து நிற்கும் கூட்டம் ஏற்கெனவே ஊரில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே, சேர்ந்து பயிற்சி செய்ய ஆள் தேடி அலைந்ததை அத்தோடு நிறுத்தினேன். அதற்கு முன் இரண்டு பேரிடம் பேசியிருந்தேன், ஒருவர் உடனே, “தம்பி, இஞ்சையும் சிலை வைக்கப் போறியளோ?” என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. வன்னியில் பௌத்தம் என்ற சொல் காணிப் பிணக்கோடு சேர்ந்தே காதில் விழுகிறது. எனவே நீங்கள் முதலில் கமக்காரர் அமைப்பின் சிரமதானத்துக்குப் போங்கள். வாய்க்கால் வெட்டுங்கள், கட்டில் முளைத்த பற்றையைத் துப்புரவாக்குங்கள், கட்டடிப் பிள்ளையாருக்குப் பொங்கும்போது விறகு கொண்டுபோங்கள். மறைத்து எதுவும் செய்யாதீர்கள். கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் குளத்தில் இப்போது பூரணை தினங்களில் நான்கு பேர் பேசாமல் அமர்கிறோம். போயா எனப்படும் பூரணை நாள் அரச விடுமுறை என்பதால் வேலைக்குப் போவோருக்கும் வசதி. நால்வரில் இருவர் தங்களைப் பௌத்தர் என்று சொல்வதில்லை.

பின்னர் சேர்த்தது: பாம்புப் பயத்துக்கு என்ன செய்வது என்று இரு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பாம்பு தீண்டி ஒரு துறவி இறந்தபோது, பாம்புக் குலங்கள் மீதும் மைத்திரி (அன்பெண்ணம்) பரப்புமாறு புத்தர் கற்பித்ததாகப் பாளி நூல்கள் கூறுகின்றன. நானும் அதைச் சொல்லித்தான் அமர்கிறேன். ஆனாலும் கையில் தடியும், மம்மல் பொழுதானால் ரோச் லைற்றும் இருக்கும்.

இன்னொருவர் எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். மழைக்காலத்தில் நடந்து திரியும் துறவிகள் இளம்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைகூறியதால் ஏற்பட்டதே, துறவிகள் ஓரிடத்திலேயே தங்கும் வஸ் தங்கல். இலங்கையில் அது, யூலை அளவில் வரும் எசலப் போயாவுக்கு மறுநாள் தொடங்குகிறது. வன்னிக்கு அது வறட்சிக் காலம், மழை ஐப்பசியளவில்தான் பிடிக்கும். ஆனால் கட்டுக் காய்ந்து, புல் தாழ்ந்து, கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரிவதும் அப்போதுதான் என்பதால், புதியவர்கள் அந்த மாதங்களிலேயே தொடங்குங்கள்.