தம்பி ராணுவச் சரக்கு விமானம் ஓட்டுகிறானா? வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் வீடு காசிமேட்டில். நைனாவுக்கு விசைப்படகில் பங்கு இருந்தது, அவர் கடலுக்குப் போனார்; தம்பி ஆகாயத்துக்குப் போய்விட்டான். ஏர்ஃபோர்ஸில் ஏஎன்-32 என்கிற சரக்கு விமானம் ஓட்டுகிறான், பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே வேலைக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அம்மாக்கள் மீன் வாங்க வரும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்தி, 'போன் எடுக்க மாட்றான், இன்னா பண்றது?' என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் அவன் என்ன வேலை செய்கிறான் என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தெருவே உங்களைத்தான் கேட்கும். 'உன் தம்பி குண்டு போடுவானா?' என்று ஒருத்தர், 'இண்டிகோவில் டிக்கெட் சல்லிசா கிடைக்குமா?' என்று இன்னொருத்தர். இரண்டும் இல்லை. நான் லாரி கணக்கில் சொல்லிவிடுவேன், எண்ணூர் ரோட்டில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் சட்டென்று புரியும். ஏர்ஃபோர்ஸின் சரக்கு விமானங்களில் ஏஎன்-32 சின்ன லாரி, ஆறு ஏழு டன் ஏற்றும், 1984 முதல் ஓடுகிறது. சி-130ஜே சுமார் இருபது டன். ஐஎல்-76 நாற்பது டன்னுக்கு மேல். சி-17 என்பது டிரெய்லர், எழுபது டன்னைத் தாண்டி இழுக்கும், பீரங்கி வண்டியே உள்ளே போய் நிற்கும். இதில் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, ஜெனரேட்டர், லீவுக்கு வருகிற ஜவான்கள், சில நாள் சவப்பெட்டி, எல்லாம் போகும். 2021-இல் நாடே ஆக்ஸிஜனுக்கு அலைந்தபோது காலி டேங்கர்களை ஏற்றிக்கொண்டு பறந்தவர்களும் இவர்கள்தான். ஏன் காலி டேங்கர் என்று நானும் தம்பியிடம் கேட்டேன். திரவ ஆக்ஸிஜன் நிரப்பிய டேங்கரை விமானத்தில் கொண்டுபோனால் தீ ஆபத்து. அதனால் போகும்போது காலியாக வானத்தில், வரும்போது நிரப்பிக்கொண்டு ரயிலிலோ ரோட்டிலோ. போகிற பயணத்தில் மிச்சமாகிற நேரமே பெரிய விஷயம் என்றான்.

அடுத்து அவன் தூங்குகிற நேரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சண்டிகரில் இருந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவான், லடாக் பக்கம் போகிற நாளில். லே ஓடுதளம் பத்தாயிரத்து அறுநூறு அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிசு, வெயில் ஏற ஏற இன்னும் மெலிசாகும், இறக்கைக்குத் தாங்குகிற பலம் குறையும், இன்ஜினுக்கும் மூச்சு முட்டும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் சுழற்ற ஆரம்பித்துவிடும். அதனால் காலையிலேயே போய், இறக்கி, திரும்பிவிட வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு ராத்திரி பத்தரைக்கு வீடியோ கால் போட்டு குழந்தையின் டான்ஸைக் காட்டாதீர்கள். நான் காட்டியிருக்கிறேன். பாவம், பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

பறப்பதற்கு முன்னால் நிறைய உட்கார்ந்த வேலை. வானிலை விவரம் கேட்பது, வழியில் எங்கே இறங்க முடியும் என்று மாற்று ஓடுதளம் குறித்துக்கொள்வது, எரிபொருள் கணக்கு, அப்புறம் லோடு. இந்த லோடு விஷயத்தைச் சொன்னபோதுதான் நைனாவுக்கு மகனின் வேலை மேல் மரியாதை வந்தது. எவ்வளவு எடை என்பது பாதிதான், எந்த இடத்தில் வைத்த எடை என்பது மீதிப் பாதி. பின்னால் கனம் கூடினால் மூக்கு தூக்கும், முன்னால் கூடினால் மூக்கு எழும்பாது. மூட்டைகளை வலையாலும் சங்கிலியாலும் தரையோடு கட்டவில்லை என்றால் மேலே ஏறும்போது எல்லாம் பின்னால் சரியும். 'ஐஸ் பெட்டியையும் மீனையும் ஒரே பக்கமா அடுக்கினா படகு சாயாதா, அதே கணக்குதான்' என்றார் நைனா. தம்பி சிரித்துவிட்டு, பயிற்சியில் ஒரு வாரம் நடத்தியதை நைனா ஒரு வரியில் முடித்துவிட்டதாகச் சொன்னான். சரக்கைக் கட்ட தனி ஆள் உண்டு, ஏஎன்-32-இல் நேவிகேட்டரும் ஃப்ளைட் இன்ஜினியரும் உண்டு, ஆனால் பொறுப்பு கேப்டன் தலையில்.

போனில் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. 'எங்கே இருக்கே?' கேட்காதீர்கள். 'எப்ப திரும்புவே, யாரை ஏத்திட்டுப் போறே?' இதுவும் வேண்டாம். அவன் சொல்ல மாட்டான், சொல்லாததற்காக நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், அவனும் மனசு கெட்டு உட்கார்ந்திருப்பான். எங்கள் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: 'துன்னியா கண்ணு?' அதற்கு அவன் பதில் சொல்கிற குரலை வைத்தே அவள் மீதியைத் தெரிந்துகொள்வாள். யூனிஃபார்ம் போட்ட படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, 'இன்று என் தம்பி கிளம்புகிறான்' என்று எழுதுவது எல்லாம் அறவே கூடாது. சித்தப்பா ஒருமுறை போட்டார், தம்பியே போன் செய்து எடுக்கச் சொன்னான். போன் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும். வெதர் மோசமாகி வேறு ஊரில் இறங்கியிருப்பான், ஒரே சட்டையோடு இரண்டு நாள் அங்கேயே கிடப்பான்.

லீவில் வரும்போது வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். சளி பிடித்த பைலட் பறக்கக் கூடாது. மூக்கு அடைத்திருந்தால் விமானம் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை வரைக்கும் வலி பிடுங்கும். அதற்காக மெடிக்கலில் நீங்களே மாத்திரை வாங்கிக் கொடுத்தால் இன்னும் தப்பு, சளி மாத்திரையில் தூக்கம் வரும். எந்த மருந்து சாப்பிட்டாலும் யூனிட் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு, அதில் தவறினால் பறக்கிற வேலை நின்றுவிடும். சாப்பாட்டில் மட்டும் ஒரு விசித்திரம்: மேலே போகப் போக வயிற்றுக்குள் இருக்கிற வாயு விரியும், அதனால் பறக்கிற நாளுக்கு முன்னால் மொச்சை, உருளைக்கிழங்கு, கடலை இதெல்லாம் தொட மாட்டான். வீட்டுக்கு வந்தால் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை மூன்று வேளையும் சாப்பிடுவான், அது வேறு கதை.

லீவு பற்றி. காகிதத்தில் வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் கேஷுவல். நம்பி முகூர்த்தம் குறிக்காதீர்கள். எங்கேயாவது வெள்ளம், நிலநடுக்கம் என்றால் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், நைனா கரையில் இருப்பார், அந்த இரண்டு மாதத்துக்குள் தம்பியும் பத்து நாள் வந்துவிட்டால் அதுதான் எங்களுக்குப் பொங்கலும் தீபாவளியும். 2015 டிசம்பர் மழையில் நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றோம். மீனம்பாக்கம் ஓடுதளம் மூழ்கி, விமானங்களை அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்தில் இறக்கினார்கள். அதில் அவன் வருவான் என்று அம்மா ரேடியோவை அணைக்கவே இல்லை. அவனோ அஸ்ஸாமில் இருந்தான், அருணாசலப் பிரதேச மலைப் பக்கம் யாருக்கோ அரிசி மூட்டை கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, எனக்குமே முழுசாகப் போகவில்லை.

கல்யாணப் பேச்சு வந்தால் பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளம் நல்ல சம்பளம், 56,100 அடிப்படையில் தொடங்கும், பறப்பதற்கு மாதாமாதம் தனிப் படி உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா, பெண் சொந்த வேலையை விடாமல் நடத்துவது கஷ்டம். குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர்களுக்கு 14 வருஷம், அப்புறம் பலர் தனியார் விமானக் கம்பெனிக்குப் போவார்கள். இன்னொன்று, இவர்களுக்குப் பரீட்சை முடிவதே இல்லை. டி, சி, பி, ஏ என்று தர வரிசை, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கு வெள்ளை, பச்சை, மாஸ்டர் கிரீன் என்று தனி அட்டை. பரீட்சை வருகிற மாதத்தில் வீட்டுச் சண்டை எதையும் அவனிடம் கொண்டுபோகாதீர்கள், சொத்துப் பிரச்சினையாக இருந்தாலும்.

இனி யாரும் கேட்காத, ஆனால் எல்லாரும் மனசில் வைத்திருக்கிற விஷயம். 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 வங்காள விரிகுடா மேல் காணாமல் போனது, 29 பேர். எங்கள் கடல் அது. தம்பி அன்று வேறு ஊரில் இருந்தான், ஆனால் டிவியில் 'ஏஎன்-32' என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, ஐந்து நிமிஷத்தில் இருபது தடவை போன் போட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் அங்கே எல்லாரும் வேலையில் இருப்பார்கள், லைன் கிடைக்காது, கிடைக்காததே உங்களைக் கொல்லும். அம்மா அன்று டிவியை அணைத்தாள். படகு நேரத்துக்குக் கரை சேராவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வதையே செய்தாள்: அடுத்த படகுக்காரரிடம் வயர்லெஸில் கேட்பது போல, தம்பியோடு வேலை செய்கிற ஒருவரின் மனைவிக்கு ஒரே ஒரு போன் போட்டாள். அந்த நம்பரை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறுதியான செய்தி என்றால் யூனிட்டிலிருந்து ஆள் வருவார் அல்லது அவர்களே கூப்பிடுவார்கள். வாரிசுதாரர் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் அவனுடைய அலுவலகக் காகிதத்தில் சரியாக இருக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினானா என்று லீவில் வரும்போது நேராகவே கேளுங்கள். இன்சூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். அபசகுனம் என்று நினைக்க வேண்டாம், படகுக்கும் இன்சூரன்ஸ் போடுகிறோம்தானே. அந்த விமானத்தின் உடைந்த பாகங்கள் ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் தெரிந்தன. நம்ம பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிதான் படம் பிடித்தது. நைனா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, படகு லைசென்ஸ் வைக்கிற தகரப் பெட்டியில் போட்டிருக்கிறார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக, திரும்பிப் போகும்போது கட்டிக்கொடுப்பது. ஊறுகாய் பாட்டில் வேண்டாம், உடையும். நெத்திலிக் கருவாடும் வஞ்சிரக் கருவாடும் கொடுங்கள், ஆனால் நன்றாகக் காயவைத்து மூன்று சுற்று பிளாஸ்டிக் போட்டு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுங்கள். ஒருமுறை சும்மா பேப்பரில் சுற்றிக் கொடுத்து, குவார்ட்டர்ஸில் மேல் வீட்டுக்காரர் எலி செத்துக் கிடக்கிறதோ என்று ஆளை வைத்துத் தேடியிருக்கிறார். போன தடவை சென்ட்ரலுக்குக் கிளம்பும்போது தம்பி அந்தப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, 'மூணே கால் கிலோ இருக்கும்கா' என்றான். நைனா விடவில்லை, மீன் தராசில் வைத்தார். மூன்று கிலோ இருநூறு. ஐம்பது கிராம் குறையுதே என்று அம்மா உள்ளே போய் இன்னொரு கைப்பிடி நெத்திலி எடுத்து வந்தாள்.