தைராய்டு ஆபரேஷனில் பச்சைச் சாயம்: எப்போது போடுவது, எதைப் பார்ப்பது

ஐ.சி.ஜி. (இண்டோசயனின் கிரீன்) என்ற பச்சைச் சாயத்தின் பாட்டிலைக் கையில் எடுத்ததும் பிஜிக்கள், அதாவது முதுநிலை மாணவர்கள், கேட்பது ஒன்றுதான்: "மேடம், இதைப் போட்டா பாராதைராய்டு தெரிஞ்சிடுமா?" தெரியாது. தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சின்னச் சுரப்பிகளோடு தைராய்டும் சேர்ந்துதான் ஒளிரும். சுரப்பிக்கு ரத்தம் ஓடுகிறதா என்பதை மட்டுமே இந்தச் சாயம் சொல்லும்.

பாராதைராய்டைக் கண்டுபிடிப்பது உங்கள் கண்ணின் வேலை. குரல் நரம்பும் கீழ்த் தைராய்டுத் தமனியும் குறுக்கிடும் இடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, நரம்புக்குப் பின்பக்கம் மேல் சுரப்பியைத் தேடுங்கள். கீழ்ச் சுரப்பி ஊர்சுற்றி. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி வரைக்கும் இறங்கியிருக்கும். கொழுப்பு பளிச்சென்ற மஞ்சள், பாராதைராய்டு லேசாக வறுத்த துவரம்பருப்பு நிறம். அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

அகச்சிவப்புக் கேமரா இருந்தால், சாயம் போடும் முன்பே தியேட்டர் விளக்கை அணைத்து ஒரு முறை பாருங்கள். பாராதைராய்டு எந்தச் சாயமும் இல்லாமல் தானாகவே மினுங்கும். முதலில் ஐ.சி.ஜி. போட்டுவிட்டால் இந்த மினுங்கல் அதில் மூழ்கிவிடும், வரிசை மாறக்கூடாது. ஆனால் ரத்தம் நின்றுபோன சுரப்பியும் இப்படி மினுங்கும். அதனால்தான் சாயம் வேண்டியிருக்கிறது.

தைராய்டை எடுத்த பிறகு, 25 மி.கி. பொடியை ஊசிக்கான 10 மில்லி சுத்த நீரில் கரையுங்கள், சலைனில் வேண்டாம். அதில் 2 மில்லி, அதாவது 5 மி.கி., ரத்தக்குழாயில் (ஐ.வி.யாக) போடச் சொல்லுங்கள். அயோடின் அலர்ஜியை முன்பே கேட்டிருக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் திரையில் வெள்ளையாக ஒளிர்ந்தால் சுரப்பி பிழைத்தது. சாம்பல் நிறம் என்றால் பாதி நம்பிக்கை. கறுப்பாகவே கிடந்தால் ஒரு துளியை ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு (உறையவைத்து உடனே பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு) அனுப்பி, பாராதைராய்டுதான் என்று உறுதி செய்துகொண்டு, மீதியை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கழுத்துத் தசையில் புதைத்துவிடுங்கள்.

நான் படித்த காலத்தில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம்தான். கட்டி வந்த சுரப்பி நன்றாக நீலமாகும், நல்ல சுரப்பி அவ்வளவாக ஏற்காது. விரலில் மாட்டிய கருவி நீலத்தில் ஏமாந்து ஆக்ஸிஜனைக் குறைத்துக் காட்டும், எல்லோரும் பதறுவோம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு அம்மா மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதை நாங்கள் கேட்கவே இல்லை. மயக்கம் தெளிந்ததும் மகளைத் தெரியவில்லை, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அந்த மாத்திரையும் நீலமும் சேர்ந்தால் செரட்டோனின் ஏறிவிடும். இரண்டு நாளில் தேறினார். மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் நான் நீலத்தைத் தொடுவதில்லை. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தாலும் கூடாது.

கடைசியாக ஒன்று. வெட்டியெடுத்த தைராய்டைப் பாட்டிலில் போடும் முன் டிரேயில் கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். போன மாதம் அங்கே ஒரு துவரம்பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.