முட்டையிலிருந்து வந்த பச்சோந்திக் குட்டிக்குத் தண்ணீர்தான் முதல் கவலை

குட்டி ஓட்டைக் கீறிக்கொண்டு தலையை நீட்டியதும் கையால் இழுத்து உதவத் தோன்றும். வேண்டாம். வயிற்றில் மீதமுள்ள மஞ்சள் கருவை அது உறிஞ்சி முடிக்க ஒரு நாள்கூட ஆகலாம். தானாக வெளியே வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைக் கண்டுகொள்ளாது. குட்டி அதில் விழுந்து மூழ்கவும் கூடும், அதனால் கிண்ணமே வைக்காதீர்கள். இலைகளில் தங்கும் துளிகளைத்தான் அது நக்கிக் குடிக்கும். பனித்துளி போல மெல்லியதாகத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் தினம் மூன்று நான்கு முறை இலைகளை நனையுங்கள். அடுத்த முறைக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குட்டிகள் மிக வேகமாக நீரிழந்துவிடும். பகலிலேயே கண்ணை மூடிக்கிடந்தாலோ கண் குழிந்திருந்தாலோ உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

உணவு இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பறக்காத பழ ஈக்கள், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சுவர்க்கோழிப் பூச்சிக் குஞ்சுகள் சரியாக இருக்கும். அவற்றின் மேல் கால்சியம் பொடியை லேசாகத் தூவிக் கொடுங்கள். கூடவே வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தரும் யூ.வி.பி. விளக்கும் வேண்டும், அது இல்லாமல் கால்சியம் உடம்பில் ஒட்டாது, எலும்பு வளைந்துபோகும். விளக்குக்குக் கீழே குட்டி உட்காரும் இடத்தின் சூடு 29 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், கூண்டு சிறியதாக இருக்கட்டும். பெரிய கூண்டில் இரையைத் தேடியே குட்டி களைத்துவிடும். ஒரே கூண்டில் பல குட்டிகள் இருந்து, ஒன்றின் வாலை இன்னொன்று கடிக்கத் தொடங்கினால் அன்றே பிரித்துவிடுங்கள்.